பதினொரு பிக்கப்பும் ஒரு தோசை ட்ரெய்லரும்

1. ஒன்றாம் தேதிக்குள்

ஊராட்சி அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை என் மனைவி ரீத்தா இரண்டு முறை படித்தாள். முதல் முறை அதில் இருந்தபடி மலாயில். இரண்டாம் முறை என் மண்டையில் ஏறட்டும் என்று தமிழில். யோங் பெங்கில் உணவு ட்ரெய்லர் நிறுத்த அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அடுத்த ஒன்றாம் தேதி அடுப்புப் பற்றவைக்க வேண்டும். முதல் வாரத்துக்குள் வந்து நிற்காவிட்டால், வரிசையில் அடுத்து இருப்பவருக்கு இடம் போய்விடும்.

"இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்றேன்.

"இருபத்தி மூணு."

"தாராளமா போதும் லா."

அவள் வாசலைப் பார்த்தாள். ரெங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் மஞ்சள் பெயின்ட் அடித்த ட்ரெய்லர் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தோசைக்கல், தண்ணீர் டாங்க், இரண்டு கேஸ் தோங், அதாவது சிலிண்டர், வைக்க இடம், எல்லாம் தயார். இழுக்க வண்டி மட்டும் இல்லை. ஒன்றரை மாதமாக ஒரே இடத்தில் நின்றதால் பக்கத்து வீட்டுக் கோழி அதன் அடியில் குடும்பம் நடத்த ஆரம்பித்திருந்தது.

ரீத்தா ஒன்பது வருஷம் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தியவள். அந்தக் கான்ட்ராக்ட் வேறு கைக்குப் போனது. அதே வருஷம் எங்கள் பழைய வேனும் இஞ்சின் பிடித்து நின்றது. அதற்குப் பிறகு சேமிப்பைப் போட்டு இந்த ட்ரெய்லரைச் செய்யக் கொடுத்து, இடத்துக்கு மனு போட்டுக் காத்திருந்தாள். இதை விட்டால் அவளுக்கு வேறு வேலை இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஐம்பத்தோரு வயதில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டியதுமில்லை.

தேவை மிகச் சாதாரணமானது. ஒரே ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் பிக்கப். காலையில் ட்ரெய்லரை யோங் பெங்குக்கு இழுக்க வேண்டும், மாலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். மற்ற நேரத்தில் மார்க்கெட், ஒர்க்‌ஷாப், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை என்று வீட்டு வண்டியாகவும் ஓட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் நான். தொழில் டீசல் மெக்கானிக். இருபத்தாறு வருஷமாக இந்த வட்டாரத்தில் யார் பழைய லாரி, பிக்கப் வாங்கினாலும், "சவரியண்ணனைக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். எத்தனையோ குடும்பங்களைத் தவறான வண்டியிலிருந்து காப்பாற்றியவன் என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேரை நானும் அவ்வப்போது துடைத்துப் பளபளப்பாக வைத்துக்கொள்வேன்.

அப்படிப்பட்டவன் வீட்டு வாசலில்தான் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்தது.

2. நான் வண்டி பார்க்கும் விதம்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக என் முறையைச் சொல்லிவிடுகிறேன். முறையில் தப்பு இல்லை. தப்பு எங்கே என்பது பிறகு வரும்.

பழைய வண்டி விற்கும் யார்டுக்குள் நுழைந்ததும் யாரோடும் கை குலுக்கக் கூடாது. நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைக்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். டீசல் இஞ்சினின் வியாதியெல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளியே வரும். சூடான இஞ்சின் மருந்து சாப்பிட்டுவிட்டு டாக்டரைப் பார்க்க வந்த நோயாளி. நான் திரும்பிப் போய்விடுவேன்.

குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகையைப் பார்ப்பேன். நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசல் கூடுதலாகப் போகிறது. வெள்ளை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறப்பேன். ரயில் மாதிரி புகை குப்குப்பென்று வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது. கடைசியாக சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்ப்பேன். வெள்ளத்தில் முங்கிய வண்டிக்கு எல்லாவற்றையும் கழுவிவிடுவார்கள். பெல்ட்டின் அடி நுனியைக் கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும்.

இதையெல்லாம் நான் சும்மா செய்வதில்லை. சத்தம் போட்டுச் செய்வேன். அது ஒரு கெட்ட பழக்கம். "ஏன் தவ்கே, பானெட்ல தோசை ஊத்தலாம் போல இருக்கே!" என்று முதலாளியைப் பார்த்து யார்டு முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். கூட வந்தவர் சிரிப்பார். யார்டுக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். இருபத்தாறு வருஷம் இப்படியே கத்தியிருக்கிறேன்.

3. பத்து வண்டி, பத்து காரணம்

முதல் வண்டி குளுவாங்கில். "டிப் டாப் கண்டிஷன், லேடி ஓனர்" என்று விளம்பரம். பானெட் தொட்டதும் கை சுட்டது. இரண்டாவது வண்டியின் சீட் பெல்ட்டில் சேறு. மூன்றாவதில் ஆயில் மூடியைத் திறந்தபோது வந்த புகையில் கொசு செத்திருக்கும். நான்காவது வண்டிக்கு நம்பர் பிளேட் தவிர மற்றதெல்லாம் வேறு வண்டியிலிருந்து வந்திருந்தது. ஐந்தாவதை விற்கிறவர் போட்டோவில் ஒரு வண்டியையும் நேரில் இன்னொரு வண்டியையும் காட்டி, "கலர் ஒண்ணுதானே பாஸ்?" என்றார்.

இதுவரை நியாயம். ஆறாவது வண்டியிலிருந்து எனக்கு வியாதி பிடித்துவிட்டது. அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் தேடினேன். பிறகு வேண்டாம் என்றேன்.

"ஏங்க, என்ன குறை?" என்றாள் ரீத்தா.

"ஒண்ணும் இல்ல. அதான் சந்தேகமா இருக்கு."

அன்றைக்கு வீடு வரும்வரை அவள் மிச்சமிருந்த நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். நாங்கள் போய்வந்தது மகனுடைய சின்னக் காரில். அதில் அவள் எண்ணியது ஒவ்வொன்றும் என் காதில் விழுந்தது.

ஏழாவதுக்கு சஸ்பென்ஷனில் சத்தம். எட்டாவதுக்கு டர்போவில் ஆயில் ஈரம். ஒன்பதாவது கறுப்பு நிறம், வெயிலில் கொதிக்கும் என்று ஒரு காரணம் சொன்னேன். பத்தாவது வண்டியை விட்டுத் திரும்பும்போது ரீத்தா வெடித்தாள்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப எந்த பெல்ட்டை இழுத்துப் பாத்தீங்க? ஒரு பலகாரம் சாப்பிட்டீங்க, சரின்னுட்டீங்க."

"அது வேற ரீத்தா. அப்ப எனக்கு அனுபவம் இல்ல."

சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாக்கியத்துக்கு நான் இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். லாபிஸில் டுரியான் தோப்பு வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவர் தன் பிக்கப்பை விற்கிறார். மேனுவல் கியர். கழுவாத வண்டி. பின்பெட்டியில் இரண்டு சேவல் உட்கார்ந்திருந்தன.

"இதைப் போய்ப் பாக்கலாமா?"

நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "சேவல் ஃப்ரீயா வருதா கேளு."

அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இன்னும் பத்து நாள் இருந்தது.

4. தேவலோகத்து வண்டி

பதினொன்றாவது வண்டி யோங் பெங்கில், கோபியின் யார்டில். கோபியை எனக்குப் பதினைந்து வருஷமாகத் தெரியும். அவன் யார்டில் நான் கத்தாத கத்தல் இல்லை. அவனே போன் பண்ணினான்.

"அண்ணே, உங்களுக்குன்னே ஒரு வண்டி எடுத்து வச்சிருக்கேன். நேத்துலேர்ந்து சாவியே போடல. வந்து தொட்டுப் பாருங்க."

போய்த் தொட்டேன். பானெட் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஒரே சுற்றில். புகை இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் பூனை மூச்சு விடுகிற அளவுக்குத்தான் ஆவி. சீட் பெல்ட் அடி வரைக்கும் சுத்தம். இஞ்சினைச் சுற்றி ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆட்டோ கியர், ஏசி ஜில்லென்று வந்தது, பாட்டுப் பெட்டிகூட வேலை செய்தது. பின்னால் டோ பார் வேறு, ட்ரெய்லர் மாட்டும் உருண்டையோடு.

"டோ பார் சும்மாவே வருதுண்ணே," என்றான் கோபி.

அந்த உருண்டை தேய்ந்து கண்ணாடி மாதிரி மின்னியது. அதைப் பார்த்து நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: இத்தனை நாள் இந்த வண்டி எதை இழுத்தது? நான் கேட்கவில்லை. ரீத்தா பக்கம் திரும்பி, "பாத்தியா, டோ பார் இலவசம்!" என்றேன். யார்டை ஒரு சுற்று ஓட்டினேன். வெறும் வண்டியாக. தேவலோகத்து ரதம்.

ஆட்டோ கியர்பாக்ஸின் ஆயிலைப் பார்க்க அந்த வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது. அடியில் படுத்து பிளக்கைக் கழற்ற வேண்டும். அன்றைக்கு நான் புதுச் சட்டை போட்டிருந்தேன். அதோடு நான் இஞ்சின்காரன். கியர்பாக்ஸ் என்பது இஞ்சினுக்குப் பின்னால் தொங்கும் ஒரு சாமான் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

"கையெழுத்துப் போட்டுடலாம்," என்றேன்.

"ட்ரெய்லரை மாட்டி ஒரு தடவ ஓட்டிட்டுப் போடலாம்," என்றாள் ரீத்தா.

"இது மூணு டன் இழுக்கும்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

"பேப்பர்ல உங்க எடையும்தான் எழுபதுன்னு போட்டிருக்கு."

கோபி சிரித்துவிட்டான். "அண்ணி கேக்கறாங்கல்ல, ஒரு நாள் எடுத்துட்டுப் போங்கண்ணே. உங்களுக்கு இல்லாத வண்டியா?"

5. ஏற்றம்

மறுநாள் காலை ட்ரெய்லரை மாட்டினோம். கோழியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. தண்ணீர் டாங்க் வேண்டாம், கேஸ் தோங் வேண்டாம், சும்மா ஒரு ஓட்டம்தானே என்றேன். ரீத்தா கேட்கவில்லை. டாங்கை நிரப்பினாள். இரண்டு தோங்கையும் ஏற்ற வைத்தாள். அரிசி மூட்டை, எண்ணெய் டின், மாவு அரைக்கும் கிரைண்டர், வியாபாரத்துக்குப் போகிற மாதிரியே எல்லாம் ஏறியது.

"எவ்வளவு எடை வரும்?" என்றாள்.

"எண்ணூறு கிலோ. கண்ணால பாத்தாலே தெரியும்."

வழியில் செம்பனைக் குலை, அதாவது எண்ணெய் எடுக்கும் பனம்பழக் குலை, தரம் பிரித்து வாங்கும் இடத்தில் லாரி நிறுக்கும் தராசு இருக்கிறது. அங்கே நிறுத்தச் சொன்னாள். ட்ரெய்லரை மட்டும் தராசில் ஏற்றினோம். தராசுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"குலை எங்க பாஸ்?"

"குலை இல்ல. தோசை."

"தோசைக்கு என்ன கிரேடு போடறது?" என்று கேட்டுவிட்டு எடையைச் சொன்னார். ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ. என் கண் ஐந்நூற்று நாற்பது கிலோ தப்பாகப் பார்த்திருந்தது. ரீத்தா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தாள். அது பார்ப்பதைவிட மோசம்.

குளுவாங் தாண்டும் வரை வண்டி நன்றாகவே போனது. நான் விசில் அடித்தேன். செம்பனைத் தோட்டத்து ஓரமாக ரோடு நீளமாக ஏறும் ஓர் இடம். பாதி ஏற்றத்தில் இஞ்சின் சத்தம் கூடியது, வண்டி வேகம் குறைந்தது. மிதித்தேன். சத்தம் இன்னும் கூடியது, வேகம் இன்னும் குறைந்தது. ஆர்பிஎம் முள் மேலே, ஸ்பீட் முள் கீழே, இரண்டும் ஒன்றையொன்று வழியனுப்பிவிட்டு எதிரெதிரே போயின. கருகிய நாற்றம் உள்ளே வந்தது.

"என்னங்க வாசனை?"

"வெளியில யாரோ குப்பை எரிக்கறாங்க."

கியர்பாக்ஸ் விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. இஞ்சின் மட்டும் அழகாக, ஒரு சொட்டுப் புகை இல்லாமல், தேன் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் குலை ஏற்றிய லாரி ஒன்று வந்து நின்று ஹார்ன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து வண்டி. முன்னால் போக முடியாது. ரிவர்ஸில் இறங்கி, கீழே பக்கத்தில் பிரியும் தோட்டத்து மண் ரோட்டில் ஒதுக்க வேண்டும். ரிவர்ஸில் விட்டேன். ட்ரெய்லர் இடது பக்கம் திரும்பியது. ஸ்டீரிங்கை வலது பக்கம் ஒடித்தேன். ட்ரெய்லர் இன்னும் இடது பக்கம் மடங்கி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றது.

ஒரு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் நான் எத்தனையோ வண்டிகளைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க மட்டும் எனக்குத் தெரியாது. யாரும் இதுவரை கேட்டதில்லை.

லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்ன பாஸ், நடு ரோட்டுலயே கடை போட்டுட்டீங்களா? சாம்பார் ரெடியா?"

ரீத்தா கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். "நகருங்க."

"நீ எப்படி..."

"நகருங்கன்னு சொல்றேன்ல."

அவள் அப்பா தோட்டத்தில் டிராக்டர் டிரைவர். குலை ஏற்றும் ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்க அவள் பதினாறு வயதிலேயே கற்றுக்கொண்டவளாம். இது எனக்குத் தெரியாது. நானும் இதுவரை கேட்டதில்லை. லாரியைப் பின்னால் தள்ளிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, இரண்டு முறை முன்னே பின்னே ஆட்டி, ட்ரெய்லரை நேராக்கி, ஒரே இறக்கமாக இறக்கி மண் ரோட்டுக்குள் செருகினாள்.

லாரிக்காரர் கடந்து போகும்போது என் பக்கம் குனிந்து சொன்னார்: "பாஸ், இனிமே நீங்க அந்தப் பக்கமே உக்காருங்க லா."

6. வெளியான கேள்வித்தாள்

கியர்பாக்ஸ் ஆறும்வரை காத்திருந்து, ட்ரெய்லரை ஒரு நண்பரின் லாரியில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிக்கப்பை மெதுவாக உருட்டிக்கொண்டு யோங் பெங் போனேன். இந்தத் தடவை சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அடியில் படுத்து பிளக்கைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கோப்பி மாதிரி வந்தது. நாற்றமும் கருக வறுத்த கோப்பிதான்.

கோபியைப் பார்த்துக் கத்தினேன். யார்டு முழுக்கக் கேட்டது.

அவன் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். "அண்ணே, நான் பொய் ஏதாச்சும் சொன்னனா? நீங்க பானெட் தொடுவீங்கன்னு தெரியும், ஸ்டார்ட் பண்ணாம வச்சேன். ஆயில் ஈரம் பாப்பீங்க, கேஸ்கெட் மாத்தினேன். புகை பாப்பீங்க, இன்ஜெக்டர் சர்வீஸ் பண்ணேன். பெல்ட்டைக்கூட இழுத்துத் துடைச்சு வச்சேன். நீங்க என்னென்ன கேப்பீங்களோ அத்தனையும் பண்ணேன்ணே."

"கியர்பாக்ஸ்?"

"அதை நீங்க ஒரு தடவகூட கேட்டதில்லையே!"

அவன் சொன்னது உண்மை. பதினைந்து வருஷமாக அவன் யார்டில் நின்று, பரீட்சையில் என்னென்ன கேள்வி வரும் என்று நானே கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். அவன் படித்துவிட்டு வந்து எழுதினான். பாஸாகிவிட்டான். கேட்காத கேள்விக்கு அவன் ஏன் பதில் எழுதப் போகிறான்?

கோபியை நான் நல்லவன் என்று சொல்லவில்லை. கியர்பாக்ஸ் களைத்த வண்டி என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் என்னை ஏமாற்ற அவனுக்கு ஒரு சின்னப் பொய்கூடத் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

சாவியை அவன் மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த ரீத்தா என்னைப் பார்த்தாள். சட்டையில்லாத பனியனில் கியர் ஆயில்.

"ஏழு நாள் இருக்கு," என்றாள். திட்டவில்லை. கையிலிருந்த துணியை மறுபடி உதறினாள். "உங்களுக்கு இது இன்னொரு வண்டி. எனக்கு இருக்கறது இந்த ஒரு இடம்தாங்க."

நான் பனியனைக் கழற்றிச் சுருட்டினேன். பிறகு கேட்டேன்: "அந்த சேவல் வண்டி இன்னும் இருக்கா?"

7. லாபிஸ்

அவள் ஏற்கெனவே பேசி வைத்திருந்தாள். ஒரு நிபந்தனையும் வைத்தாள். அவள் ஓட்டி முடிக்கும்வரை நான் பானெட்டைத் தொடக் கூடாது. வாயையும் திறக்கக் கூடாது.

"வாயைக்கூடவா?"

"முக்கியமா அதுதான்."

தோப்புக்காரர் பாக் மான் எழுபதை நெருங்கியவர். தோப்பு வேலையை மகனிடம் விட்டுவிட்டார், மகனுக்குப் புது வண்டி இருக்கிறது, அதனால் விற்கிறார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. யார்டுகளில் எனக்கிருக்கும் புகழ் லாபிஸ் டுரியான் தோப்புவரை போகவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வண்டி படத்தில் இருந்ததைவிடக் கேவலமாக இருந்தது. பின்பெட்டி நசுங்கியிருந்தது. உள்ளே போன வருஷத்து டுரியான் வாசனை குடியிருந்தது. சேவல் இரண்டும் இருந்தன, விற்பனைக்கு இல்லையாம். பாக் மான் மலாயில் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் கறுப்புப் புகை வரும். இஞ்சின் மேல் மூடியில் ஆயில் கசியும். இடது பக்கம் பின் ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்திருக்கிறது. ஏசி மத்தியானத்தில் அழும். பின்கதவு திறக்காது. "இங்கே ஓர் உதை விட்டால் திறக்கும்," என்று உதைத்தும் காட்டினார். திறந்தது.

விற்கிறவர் வாயிலிருந்து இத்தனை குறையை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. எனக்குச் சொல்வதற்கு எதையாவது மிச்சம் வையுங்கள் ஐயா என்று கெஞ்சலாம் போல இருந்தது.

அவரிடம் மாடு ஏற்றும் ட்ரெய்லர் ஒன்று இருந்தது. ரீத்தா அதை மாட்டித் தரச் சொன்னாள். "காலியா வேணாம். மாட்டோட." பாக் மான் அவளை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு சிரித்தார், பிறகு இரண்டு மாட்டை ஏற்றினார். தோப்புக்குள் மேலே ஏறும் செம்மண் பாதை. ரீத்தா ஸ்டீரிங்கில், பாக் மான் பக்கத்தில், நான் பின் சீட்டில் வாயை மூடிக்கொண்டு.

பாதி ஏற்றத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். மாடு ஒன்று அம்மா என்றது. எனக்கும் அதேதான் வாயில் வந்தது. மறுபடி கிளட்சை விட்டாள். வண்டி கறுப்பாக ஓர் இருமல் இருமியது. பிறகு ஏறியது, அவசரமில்லாமல், தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி. மேலே போய்த் திருப்பினாள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டாள், வண்டி பிடித்துக்கொண்டு இறங்கியது. கீழே வந்து மாட்டுக் கொட்டகைக்குள் ட்ரெய்லரை ரிவர்ஸில் ஒரே தடவையில் விட்டாள்.

"இதுதான்," என்றாள்.

"இப்ப நான் பாக்கலாமா?"

"பாருங்க."

ஒன்றரை மணி நேரம் பார்த்தேன். கியர்பாக்ஸ், டிஃப்ரன்ஷியல் ஆயிலை முதலில் பார்த்தேன், சட்டையைக் கழற்றிவிட்டு. சேசிஸ் முழுக்கச் சுத்தியலால் தட்டினேன். பெல்ட்டை இழுத்தேன். பாக் மான் சொன்ன குறை எல்லாம் இருந்தது. சொல்லாத குறை ஒன்றுகூட இல்லை. உதைத்துத் திறக்கும் பின்கதவு போக, என் முறைப்படி நான்கு இடத்தில் ஃபெயிலான வண்டி அது. ஆனால் அந்த நாலும் என் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் வேலை.

பாக் மான் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "போமேனா நீங்க?" மெக்கானிக்கை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆமாம் என்றேன். அவர் ரீத்தாவைக் காட்டி, "அவங்களும் போமேன்னு நினைச்சேன்," என்றார்.

8. ஒன்றாம் தேதிக்குப் பிறகு

ஒன்றாம் தேதி காலை ரீத்தா யோங் பெங்கில் அடுப்பைப் பற்றவைத்தாள். ஸ்பிரிங் பட்டையை மாற்றிவிட்டேன், கசிவை நிறுத்திவிட்டேன், இன்ஜெக்டரைச் சுத்தம் பண்ணிப் புகையைக் குறைத்தேன், ஏசிக்குக் கேஸ் போட்டேன். பின்கதவை மட்டும் விட்டுவிட்டேன், அவளுக்கு உதை பழகிவிட்டது. டுரியான் வாசனை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் பார்க்கிங்கில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். குலை லாரிக்காரர் மூன்றாம் நாள் கடைக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டாராம். "அந்த பாஸ் எங்க?" என்று கேட்டாராம். "அந்தப் பக்கம் உக்காந்திருக்காரு," என்றாளாம்.

இப்போதும் வண்டி பார்க்க என்னைக் கூப்பிடுகிறார்கள். பானெட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு கேள்வி கேட்கிறேன்: இந்த வண்டி எதை இழுக்கப் போகுது? யார் ஓட்டப் போறாங்க? ஓட்டப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு வா, இழுக்கப் போகிறதை மாட்டிக்கொண்டு வா என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர், "அக்கா வரலையாண்ணே?" என்று கேட்கிறார்கள். அதுதான் இன்னும் மோசம்.

போன வாரம் கோபி போன் பண்ணினான். "அண்ணே, லாபிஸ்ல அண்ணி ஏதோ புது மாதிரி டெஸ்ட் வச்சாங்களாமே. என்னண்ணே அது?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அதை விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்லடா," என்று சொல்லி வைத்துவிட்டேன். மிகவும் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்து, இப்போது பார்த்தால் எல்லாவற்றையும் எழுதியே தொலைத்துவிட்டேன்.

போகட்டும். கோபி படித்தாலும் கவலையில்லை. பானெட்டை ஆற வைக்கலாம், பெல்ட்டைத் துடைத்து வைக்கலாம். பாதி ஏற்றத்தில் நிற்கும் இரண்டு மாட்டுக்கு அவன் என்ன துடைத்து வைப்பான்?